தொட்டிலுக்கு அடியில் மணவாளக்குறிச்சி மணல்

ராயபுரம், கல்மண்டபம் ரோடு,
1952, நவம்பர் மாதம், விடாத மழை.

கர்த்தருடைய கிருபையால் மணவாளக்குறிச்சியில் சுகமே இருக்கும் மாமி ஞானபாக்கியம் அம்மாள் அவர்களுக்கு மருமகள் சுகிர்தம் பணிவான தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகனும் பாப்பாவும் நலம். அங்கே மாமாவின் முழங்கால், கறுப்பு ஆடு, அதன் குட்டிகள் எல்லாருடைய நலத்துக்கும் எழுதவும். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன், பொய் சொல்லலாகாது என்று வேதத்தில் இருக்கிறதே என்று. ஆகவே திருத்தி எழுதுகிறேன்: பாப்பா நலம், உங்கள் மகன் தன்னை நலம் என்று சொல்லிக்கொள்கிறார், நான் நலமில்லை. எல்லாரும் தூங்கின பிறகு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும், மழைச் சத்தத்தில் எனக்கு வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

பாப்பாவுக்குச் சளி கட்டிக்கொண்டது என்று நான் ஒரு கார்டு போட்டதும், கொளச்சலிலிருந்து கருவாட்டு லாரி ஓட்டி வரும் இன்னாசி அண்ணனிடம் சாமான் கொடுத்து விட்டீர்கள் அல்லவா. எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நெத்திலிக் கருவாடு, ஏத்தங்காய் உப்பேரி, பாப்பாவின் தலை உருண்டையாக வரவேண்டும் என்று உங்கள் கையாலேயே தைத்த கடுகுத் தலையணை (மாமி, உங்கள் ஊர்க் கடுகுக்குத்தான் என்ன கனம்! இங்கே கொத்தவால்சாவடியில் விற்பதெல்லாம் வெறும் பதர்), அப்புறம் ஒத்தடத்துக்கு நம் கடற்கரை மணல் ஒரு மூட்டை. மூட்டை பார்வைக்கு ஒரு கைப்பை அளவுதான், ஆனால் அதை லாரியிலிருந்து இறக்க இன்னாசி அண்ணனும் உங்கள் மகனும் சேர்ந்து பல்லைக் கடித்தார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சையம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, உள்ளாற பொணம் கிணம் கீதா?" என்று கேட்டாள். "தங்கச்சி, ஆரல்வாய்மொழி சாவடியில போலீசு என்னைப் போட்டு அரிச்செடுத்திற்று. மண்ணு இருக்கா, மண்ணு இருக்கான்னு கேட்டான். கருவாட்டுக்கு அடியில வச்சிருந்தேன், நாத்தத்துக்குப் பயந்து கை விடல்ல. மண்ணுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார் இன்னாசி அண்ணன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. போகிறபோது, "மாமி சொல்லி விட்டது: பாதி தலைக்கு, பாதி நெஞ்சுக்கு. மேக்கொண்டு எனக்கொண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுத்தேன். தலைக்குக் கொடுக்கவில்லை, காலேஜில் படித்தவள் பச்சைக் குழந்தையின் உச்சியில் சுடுமணலை வைப்பாளா? சளி இளகிவிட்டது, அதை மறைக்கவில்லை, அந்தப் பெருமை உங்களுக்கே. ஆனால் மாமி, இரும்புச் சட்டியில் அந்த மணலை வறுக்கும்போது சட்டியை லேசாக ஆட்டினால் போதும், கறுப்பு மணல் ஒரு பக்கமும் தேன் நிறத்து மணல் ஒரு பக்கமும், யாரோ விரலால் ஒதுக்கி வைப்பதுபோலத் தானே பிரிந்து நிற்கும். தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்கப் போனவள் அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். எங்கள் பூனை அந்த நாள் முதல் தொட்டில் அறைக்குள் வருவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே பார்க்கும். கருவாட்டு வாசனைக்குக்கூட உள்ளே வராத பூனையை நீங்கள் பார்த்ததுண்டா?

மிச்ச மணலைத் தொட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதற்குள் எதிர்வீட்டுக் கெங்கம்மா தன் முழங்காலுக்கு ஒரு பிடி வாங்கிப் போனாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்துத் தெருவே வந்தது. பச்சையம்மா கேட்காமலே எடுத்துப் பித்தளைப் பாத்திரம் தேய்த்தாள், "சோக்கா பளபளன்னு கீதும்மா" என்றாள். நம் ஊர் மணலுக்கு ராயபுரத்தில் இப்படி ஒரு மதிப்பா என்று உங்கள் மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் பெட்ரோமாக்ஸ் விளக்குக் கடைக்குப் போனார்.

அப்புறம்தான் போட்டோக்காரர் வேலப்பன் வந்தார், ஞானஸ்நானப் படம் உங்களுக்கு அனுப்ப வேண்டுமே என்று நான்தான் வரச்சொன்னேன். அவர் வந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சமில்லை என்று படம் பிடிக்கும் பிளேட்டுப் பெட்டியை அந்த மூட்டையின்மேலேயே வைத்துவிட்டுப் போனவர் அடுத்த வாரம் வெயில் எட்டிப்பார்த்த பிறகு வந்து படம் எடுத்தார். படத்தைக் கொண்டுவந்த அன்று மேசைமேல் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தவில்லை. "அம்மா, மூக்குச் சப்பையா இருந்தா டச் பண்ணித் தருவேன், மாறுகண்ணைக்கூட நேராக்கித் தருவேன். இதுக்கு நான் டச் பண்ண மாட்டேன், என்னை வுட்டுடுங்க" என்றார். நிமிர்த்திப் பார்த்தேன். பாப்பா சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், கீழேயிருந்து மேலே, வெள்ளையாகப் புகைபோல ஒன்று எழும்பி, தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் வளைந்து நிற்கிறது. ஆறு பிளேட்டிலும் அப்படியே. உங்களுக்கு ஏன் இன்னும் படம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள், காரணம் இதுதான், தபால்காரர் மேல் குற்றமில்லை.

இதற்குப் பிறகு ஒருநாள் பகல் சாப்பாட்டு வேளையில் எங்கள் சந்துக்குள் ஒரு ரிக்‌ஷா வந்தது. அதில் பாஸ்கர் என்று ஒரு சர்க்கார் ஆபீசர், மடியில் நம் மணல் எங்கிருந்தாலும் சத்தம் போட்டுக் காட்டும் ஒரு பெட்டி, கையில் அதன் குழாய். நம் கரை மணலைக் கப்பலுக்கு அடிப்பாரம் என்று சொல்லி யாரோ கள்ளத்தனமாக வெளிநாட்டுக்கு ஏற்றுகிறார்களாம், துறைமுகத்துக் கிடங்குகளைச் சோதிக்கப் போய்க்கொண்டிருந்தவர். எங்கள் சந்தைத் தாண்டும்போது பெட்டி தானாகவே டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டதாம். இறங்கினார். கெங்கம்மா வீட்டுப் படியில் டிக். அவள் முழங்காலில் டிக் டிக். பச்சையம்மா தேய்த்துக் கவிழ்த்த குண்டானில் டிக் டிக் டிக். சந்து முழுக்கக் கூடிவிட்டது. பேய் பிடிக்கிற மிஷின் என்று யாரோ சொல்ல, கெங்கம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, "சார், சார், என் வூட்டாண்ட உள்ள வந்து ஒரு தபா வச்சுப் பாரு. என் மாமியாரு செத்து மூணு வருசமாவுது, போய்ட்டாளா இன்னும் கீறாளான்னு சொல்லிட்டுப் போ. அடுப்பாண்ட நின்னுகினு என்னையே பாக்குற மேரி பேஜாரா கீது" என்று பிடித்துக்கொண்டாள். (மன்னிக்கவும் மாமி, அவள் சொன்னதைத்தான் எழுதினேன்.) எங்கள் கடையில் மிஷினை வைத்தபோது விளக்கில் கட்டி எரிக்கும் மேண்டில் வலைகளின் அட்டைப்பெட்டிகளிலும் டிக் என்றது. உங்கள் மகன் பயப்படுவார் என்று பார்த்தால், "நம்ம சரக்கு தரம் அப்படி சார்" என்றார்.

ஆபீசர் நல்ல மனுஷர்தான். காப்பி குடித்துக்கொண்டு விளக்கிச் சொன்னார். "அம்மா, இந்த மேண்டில் எரியறதுக்குச் சத்தே அந்த மணல்லேருந்து வர்ற தோரியம்தான். இத்தனை வருஷம் வெளிநாட்டுக்காரன் கப்பல் கப்பலா நம்ம கரையை அள்ளிட்டுப் போனான், அதையே மேண்டிலாக்கி நமக்கு வித்தான். இனிமே ஒரு பிடி போகக்கூடாதுன்னு சட்டம். நாளைக்கு நிலக்கரி தீர்ந்துபோச்சுன்னா இந்த நாடு அணுவிலதான் விளக்கேத்தணும், அதுக்கு நமக்கிருக்கிற சொத்து இதுதான். எங்கிட்ட மறைக்காதீங்க. எங்க வச்சிருக்கீங்க?" நான் தொட்டிலைக் காட்டினேன். அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நாட்டோட நாளைய வெளிச்சத்தை வறுத்து ஒத்தடமா குடுத்திருக்கீங்க" என்றார்.

மாமி, நான் காலேஜில் ரசாயனம் படித்தவள். தோரியம் என்று அவர் சொன்னதும் சந்தில் இருந்தவர்கள் ஏதோ தைலத்தின் பேர் என்று நினைத்தார்கள், எனக்கோ ஒரு வாரம் அந்த மூட்டைமேல் கிடந்த பிளேட்டுப் பெட்டியும் படத்தில் எழும்பிய வெள்ளைப் புகையும் நினைவுக்கு வந்தன. கடிகார முள்ளுக்கு ரேடியம் பூசின வெளிதேசத்துப் பெண்களைப் பற்றி எங்கள் லெக்சரர் அம்மாள் ஒருநாள் சொன்னார். பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வார்களாம், இருட்டில் அவர்கள் உதடு மினுங்குமாம், சிரித்து விளையாடுவார்களாம், சில வருஷம் கழித்துத் தாடை உளுத்துப்போனதாம். இது ரேடியம் இல்லை, மணல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆபீசர் சொல்கிறார். முழுக்கப் படித்தவர் அவர், நம்பலாம். பாதி படித்தவளுக்குத்தான் தூக்கம் போகிறது. அன்று முதல் விளக்கை அணைத்துவிட்டுப் பாப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்காருகிறேன்.

அவர் தொட்டில் அறைக்குள் மிஷினை நீட்டியதும் சட்டியில் பொரி பொரிகிற சத்தம் வந்தது. மூட்டையை வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள், சத்தம் குறைந்தது. எனக்கு மூச்சு வந்தது. சும்மா ஒரு நிச்சயத்துக்கு என்று தொட்டிலில் தலையணைமேல் கிடந்த பாப்பாவின் பக்கம் அதை நீட்டினார். மாமி, அது பாப்பாவைப் பார்த்து அடித்தது. பாப்பா அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். ஆபீசரின் முகத்தை நான் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒத்தடத் துணியில, படுக்கையில எல்லாம் ஒட்டியிருக்கும்மா. குளிப்பாட்டுங்க, எல்லாத்தையும் துவைங்க" என்றார். அவ்வளவையும் சோடா போட்டு அவித்தேன், தொட்டில் கயிற்றைக்கூட அவித்தேன், சட்டையோடு நின்ற உங்கள் மகனை அப்படியே கழற்றச் சொல்லி அதையும் அவித்தேன். தலையணையை மட்டும் நனைக்கவில்லை, கடுகு முளைத்துவிடுமே என்று மழை விட்ட நேரத்தில் வெயிலில் காட்டி எடுத்துக்கொண்டேன்.

மூட்டை போன அழகைச் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு கான்ஸ்டபிள், ரிக்‌ஷாவில் ராஜாபோல மூட்டை, பின்னால் கெங்கம்மா தன் பிடி மணலைத் துணியில் முடிந்து, "சர்க்காருக்கு இன்னாத்துக்குயா ஒத்தடம், அதுக்கும் மூட்டுவலியா?" என்று கேட்டுக்கொண்டே. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் என் வாய் சும்மா இருந்ததா? உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இன்னாசி அண்ணன் சொன்ன சேதியையும் சொல்லிவிட்டேன். ஆபீசர் நிமிர்ந்தார். "பாதி தலைக்கு, பாதி நெஞ்சுக்கா? அப்ப இது நெஞ்சுக்கு வந்த பாதி. தலைக்கு வந்த பாதி எங்கே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "பிள்ள, நீ ஏன் வாயத் தொறந்த?" என்று உங்கள் மகன் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அந்தப் பாதிக்காகத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகத் தட்டிப் பார்க்கிறார்கள். இன்னாசி அண்ணனை ஊர் திரும்பக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள், லாரியில் கருவாட்டு வாசனையோடு படுத்திருக்கிறார், பச்சையம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வழியில் அவர்தான் விற்றுவிட்டாரோ என்று, கர்த்தர் மன்னிக்கட்டும், நானும் நினைத்தேன்.

நல்ல சேதியும் உண்டு. நேற்றுப் பகல் ஆபீசர் மறுபடி வந்து வீட்டை மூலை மூலையாகச் சோதித்தார். வீட்டில் வைத்திருக்கவே பயந்து பாப்பாவை நான் பச்சையம்மாவோடு கொருக்குப்பேட்டையில் அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன், தலையணை இல்லாமல் தலை சாய்க்க மாட்டாள் என்று அதையும் கொடுத்துவிட்டேன். காலித் தொட்டிலில் மிஷின் வாயைத் திறக்கவில்லை. நெடுநேரத்துக்கு ஒருதரம் ஒற்றையாய் ஒரு டிக். அது என்ன என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்லம்மா, ஆகாசத்திலேருந்து வர்றது, எங்கேயும் இருக்கும்" என்றார். வீடு சுத்தம் என்று கை கூப்பிவிட்டுப் போனார். எங்கேயும் இருக்கும் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை, இந்த மழைச் சத்தத்திலும் அந்த டிக்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஆனாலும் பாப்பா தப்பினாள், அது போதும்.

ஆகவே மாமி, கோபித்துக்கொள்ளாமல் மூன்று காரியம் செய்யவும். இனி மணல் அனுப்ப வேண்டாம், நாட்டுக்கு வேண்டியதாம். அந்த மிச்சப் பாதியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று உடனே எழுதவும், இன்னாசி அண்ணனைக் காப்பாற்ற வேண்டும். பாப்பாவுக்காக ஜெபம் பண்ணவும். மாமாவுக்கு என் தோத்திரம், ஆட்டுக்குட்டிகளுக்குப் பாப்பாவின் முத்தம். தூதர்கள் உங்கள் படுக்கையைச் சூழ்ந்து காப்பார்களாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
சுகிர்தம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போனேன். பாப்பா சிணுங்கினாள், தலையணையோடு தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். சோடாவில் அவிக்காத அந்த ஒரே சாமானின் ஓரத்துத் தையல் விட்டிருக்கிறது. இந்தக் காகிதத்தின்மேல் கொஞ்சம் சிந்தியது. கடுகுதானே என்று ஊதினேன், பறக்கவில்லை. காகிதத்தைச் சாய்த்தேன், கடுகானால் உருளும், இது உருளவில்லை. லேசாக ஆட்டினேன். கறுப்பு ஒரு பக்கம் போயிற்று, தேன் நிறம் ஒரு பக்கம் போயிற்று.

மிச்சப் பாதியைப் பற்றி இனி எழுத வேண்டாம் மாமி. பாதி தலைக்கு என்று நீங்கள் சொல்லிவிட்டதை ஒரு சொல் மாறாமல் சொன்னார் இன்னாசி அண்ணன், விடிந்ததும் நானே போய் அவரை விடுவிக்கிறேன். தலையணையைக் கதவுக்கு வெளியே மழையில் வைத்துவிட்டேன். பூனை எழுந்து அடுத்த வாசலுக்குப் போய்விட்டது. பாப்பா என் கையில் தூங்குகிறாள், நீங்கள் ஆசைப்பட்டபடி தலை நல்ல உருண்டையாக வந்திருக்கிறது. ஆபீசரை அந்தத் தலையணையின் பக்கம் மிஷினை நீட்டச் சொல்ல மாட்டேன், அது என்ன சொல்லும் என்று தெரியும். வெறுந்தலையோடு பாப்பாவைத் தூக்கிப் பிடித்து, அவள் பக்கம் நீட்டச் சொல்லப்போகிறேன். அப்போது அது பேசாமல் இருக்க வேண்டும் என்று இப்போதே முழங்கால் போட்டுக்கொள்ளுங்கள்.