ஓரம் வெட்டும் அந்தோணிராஜ்

வேலை வந்த பிறகு மெஷின் தேடுகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பிழைக்கத் தெரிந்தவர்கள். மெஷின் வந்த பிறகு அதற்கு வேலை தேடுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்தான் நமக்கு வேண்டும். அசல் சரக்கைப் பார்க்க ஆசையா? திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அந்தோணிராஜ் வீட்டைக் கேளுங்கள்.

நூல் மில்லில் முப்பது வருஷம் மேஸ்திரி. ரிட்டயர் ஆன கையோடு, 2002-இல், அமெரிக்காவில் இருக்கும் மகன் பிராங்க்ளின் வீட்டுக்கு மூன்று மாதம் போய்வந்தார். எல்லாரும் வாய்பிளக்கிற எதைப் பார்த்தும் அவர் வாய் பிளக்கவில்லை. புல்தரை நடைபாதைமேல் வழியாமல், அதன் ஓரத்தை நூல் பிடித்தாற்போல் வெட்டித்தள்ளும் பெட்ரோல் மெஷின் ஒன்றுதான் மனசில் உட்கார்ந்துகொண்டது. மகன் புல்தரை இல்லாத வீட்டுக்கு மாறியபோது அதைக் கப்பலில் அனுப்பிவைத்தான்.

மெஷின் வந்துவிட்டது. புல்?

வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி சவரியம்மாள்.

"ஓரம் வெட்ட."

"எதோட ஓரத்த?"

இந்த ரகத்துக்காரர்கள் இப்படிப்பட்ட அற்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

ஆறு மாதம் பராமரிப்பு மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, ஏர் ஃபில்டரைச் சோப்பு நுரையில் அலசி உலர்த்தி, இருமல் மருந்து மூடியில் ஆயிலை அளந்து பெட்ரோலில் கலந்து, கயிற்றை இழுத்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, தெரு முழுக்கப் புகை போட்டு, கார்புரேட்டர் கெட்டுவிடக் கூடாதே என்று மிச்ச பெட்ரோலை வடித்தெடுத்து, சவரியம்மாளின் சுங்குடிச் சேலையால் போர்த்திப் படுக்கவைப்பார். பெற்ற மகனை அப்படிப் படுக்கவைத்ததில்லை. யாராவது சிரித்தால், "கம்பெனிக்காரன் புஸ்தகத்துல சும்மாவா எழுதிருக்கான்?"

டூவீலர் மெக்கானிக் கருப்பணன் மட்டும் மரியாதையாக மெஷினைச் சுற்றிவந்து கேட்டான்: "மைலேஜ் எம்புட்டுண்ணே குடுக்கும்?"

கடைசியில் வாசல் சிமெண்டைப் பெயர்த்து ஆறடிக்கு நாலடி புல் பதித்தார். அந்த வருஷம் குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர். சவரியம்மாள் பிடித்துவைத்ததில் தினம் இரண்டு குடம் குறைந்தது. மூன்றாம் வாரம் கையும் குடமுமாகப் பிடித்துவிட்டாள்.

"சோறாக்கத் தண்ணியில்ல, புல்லுக்கு ஊத்துறீகளா?"

"வெட்டுற அளவுக்கு வளரட்டும். செத்த பொறு."

"நீங்களும் புல்லுமா இருங்க." அன்றைக்கே சின்னாளப்பட்டி தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வருத்தம்தான். ஆனால் புல் வளர்ந்திருந்ததே! தெருவே கூடி நிற்க, நாலு பக்கமும் ஓரம் வெட்டினார். கிழக்கு ஓரம் கொஞ்சம் கோணல். நேராக்கினார். இப்போது மேற்கு துருத்திக்கொண்டு நின்றது. அதிலும் ஒரு விரற்கடை எடுத்தார். மறுநாள் வடக்கு சரியில்லை. ஒரே மாதத்தில் புல்தரை பாயாகி, தலையணையாகி, கைக்குட்டையாகிவிட்டது.

"போதும்ணே, நேராத்தான இருக்கு!" என்று கருப்பணன் கையைப் பிடித்தான்.

"எது நேரு? தெக்க பாரு!"

அந்த வெட்டோடு புல் தீர்ந்தது. மெஷினை நிறுத்தினார். அதன் சத்தம் அடங்கிய பிறகுதான், வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. குளிக்காமல்கூட அடுத்த பஸ்ஸில் சின்னாளப்பட்டி போய், தங்கச்சி வீட்டு வாசலில் நின்றார்.

"புல்லு தீந்துருச்சு. வாரியா?"

சவரியம்மாளுக்குக் கோபப்படத்தான் ஆசை. சிரிப்பு முந்திக்கொண்டது.

வந்தவள் அந்த மண்ணில் தக்காளி நட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அந்தோணிராஜ் பக்கத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பாத்தி நல்லாத்தான் இருக்கு. ஓரந்தான் கொஞ்சம்..."

"எந்திரிச்சு உள்ள போங்க."

போனார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. அதற்கு முன் ஒரு காரியம். போன வருஷம் ஆசையாக ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கினீர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை ஓட்டை, எத்தனையில் படம் தொங்குகிறது என்று எண்ணிவிட்டு வந்து சிரியுங்கள்.