எந்த மாதம் வீட்டை விற்கலாம் என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

தூத்துக்குடி,
டிசம்பர் 30.

கர்த்தருடைய கிருபையால் இன்னொரு மழைக்காலத்தைக் கால் நனைந்ததோடு கடந்துவிட்ட உன் அத்தான் வேதமணி, நாசரேத்தில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை பிரைட்டனுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஜெயபாயும் சுகம். அவள் முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேர்த்தி இல்லை. நீ அனுப்பிய கிறிஸ்மஸ் கேக் பஸ்ஸில் வந்தும் உடையாமல் வந்து சேர்ந்தது. நன்றி.

பூட்டிக் கிடக்கிற பழைய வீட்டை விற்கலாம் என்றிருக்கிறேன், எந்த மாதம் நல்லது அத்தான் என்று நீ வாட்ஸப்பில் ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் சொல்லத்தான் நானும் பார்த்தேன். முடியவில்லை. உன் அக்காவிடம் கேட்டதற்கு, “ஒரு வருசமா வித்துக்கிட்டு இருந்தது நீங்கதான, நீங்களே எழுதுங்க” என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

நாங்கள் ஏன் விற்க நினைத்தோம் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். போன வருட மழையில் எங்கள் ஹாலுக்குள் இரண்டு அடி ஏழு அங்குலம் தண்ணீர் நின்றது. நானே ஸ்கேல் வைத்து அளந்தேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எடைமேடையில் உட்கார்ந்து லாரி எடை எழுதினவனுக்கு எதையும் அளக்காமல் விட வராது. மாடியில் ஒரு அறை இருந்தும் அந்த முழங்காலோடு உன் அக்காவை ஏற்ற முடியவில்லை. வெளிப்பக்கம் போகிற குறுகல் படி, பத்தொன்பது படி, நாற்காலியோடு திரும்ப இடமில்லை. கடைசியில் நாலு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித் தெருவில் நின்ற படகில் ஏற்றினார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அவள். எல்லோரும் மாடியில் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் குடையை நேராகப் பிடித்துக்கொண்டு போனாள். வீட்டுக்குத் திரும்பி வந்து சேறெல்லாம் வழித்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். “இன்னொரு தடவ என்னைய அப்படித் தூக்க விடமாட்டேன். வீட்ட வித்துருங்க.”

விற்பது என்று முடிவு செய்ததும் புரோக்கர் வீரபாகுவைக் கூப்பிட்டேன். நல்ல மனுசன், வாய்தான் ஓயாது. தை, மாசியில் விற்றால்தான் விலை வரும் என்றார். ஆனால் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்து கிடந்ததால் முதலில் வெள்ளையடிக்க வேண்டும் என்றார். வெள்ளையடிக்க வந்தவர்கள் மாசி முடிகிறவரை அடித்தார்கள். பங்குனியில் நம் ஆட்கள் லெந்து உபவாச நாட்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள். ஆக, சித்திரைதான் சரியான மாதம் என்று வீரபாகு அப்போது கண்டுபிடித்தார். காரணத்தையும் சொன்னார். சித்திரையில் தெருவில் குடம் குடமாக ஊற்றினாலும் நிமிசத்தில் காய்ந்துவிடுமாம், இங்கே தண்ணீர் நிற்கும் என்று யாருக்கும் தோன்றாதாம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாம்.

மாப்பிள்ளை, வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சுந்தர்சிங் என்று ஒரு பேங்க் மேனேஜர் மனைவியோடு வந்தார். முன்னெச்சரிக்கையாக உன் அக்கா ஒரு தட்டு மக்ரூனை என் முன்னால் வைத்து, யாராவது கேள்வி கேட்டால் உடனே ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அவர் ஹாலைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், எல்லாம் பிடித்திருந்தது. பிறகு ஃபிரிட்ஜ் ஏன் இவ்வளவு உயரத்தில் சிமெண்ட் மேடை மேல் நிற்கிறது என்று கேட்டார். நான் ஒரு மக்ரூனைப் போட்டேன். பிளக் பாயிண்ட் எல்லாம் ஏன் தோள் உயரத்தில் இருக்கிறது என்றார். இன்னொன்றைப் போட்டேன். கூட்டிப் பெருக்க வசதிக்காக என்று வீரபாகு எடுத்துவிட்டார். பிளக் பாயிண்டுக்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அம்மா யோசிக்க ஆரம்பித்தபோது தட்டில் மக்ரூன் தீர்ந்துவிட்டது. நான் இரண்டு அடி ஏழு அங்குலம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் காபிகூடக் குடிக்கவில்லை.

வீரபாகு ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. கோபம் ஆறி, வைகாசியில் இன்னொரு ஆளைக் கூட்டி வந்தார். அக்கினி வெயில். கிணறு அடிமட்டத்துக்குப் போய், குழாயும் நாலு நாளாகக் காற்றுதான் விட்டுக்கொண்டிருந்தது. வந்தவர் நேராகக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டார். ஐப்பசியில் வேண்டிய மட்டும் வரும் என்று நான் பதில் சொன்னேன். சத்தியமாகக் கேலிக்குச் சொல்லவில்லை. வீரபாகு எழுந்து தெருவுக்குப் போய் வெயிலில் நின்றார்.

ஆடியில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், அது உனக்கே தெரியும். அதோடு இங்கே காற்று. கேட்டில் கட்டியிருந்த ‘வீடு விற்பனைக்கு’ தட்டி பிய்த்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு டேவிட்சன் கேட்டில் மாட்டிக்கொண்டது. நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் மூன்று பேர் போய் அவரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போயிருந்த டேவிட்சன் சம்சாரம் திரும்பி வந்தபோது, முற்றத்தில் யாரோ டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்களாம். அந்த அம்மா இப்போதும் கோயிலில் எங்களைப் பார்த்தால் வேறு வரிசையில் போய் உட்காருகிறாள்.

ஆவணியும் புரட்டாசியும் ஒருவரும் வராமலே போயின. ஐப்பசி பிறந்ததும் வீரபாகு வந்து தட்டியை அவிழ்த்துத் தாழ்வாரத்தில் சாத்தி வைத்தார். இனி தை வரைக்கும் மூச்சுவிடக் கூடாது, மழைக்காலத்தில் வீட்டைக் காட்டினால் அதோடு கதை முடிந்தது என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புக் குறைந்துவிட்டது. உன் அக்கா பென்சன் புத்தகம், வேதாகமம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் தினமும் வானத்தைப் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.

கார்த்திகை முதல் வாரத்தில் பிடித்தது மழை. மூன்றாம் நாள் காலையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், எங்கள் வாசலில் மூன்றாவது படியைத் தொட்டுவிட்டது. அந்த நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ எங்கள் கேட்டுக்கு நேராக வந்து இருமிக்கொண்டே நின்றுபோனது. அதற்குள் நாலு தையல் மெஷின், துணி மூட்டைகள், அவற்றின்மேல் ஒரு பெண். கீழே நின்று தள்ளிக்கொண்டிருந்தவர் அவள் புருசன். அவர் பெயர் செந்தூர்வேல், அவள் செல்வலட்சுமி. நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர்கள். அவர்கள் வாடகைக்கு இருந்த பக்கம் நெஞ்சளவு தண்ணீராம். மெஷின் போனால் பிழைப்புப் போச்சு என்று அள்ளிப் போட்டுக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் வந்திருக்கிறார்கள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். நானும் அவருமாக நாலு மெஷினையும் மாடி அறையில் ஏற்றினோம். எனக்கு வயது அறுபத்தாறு என்பது நாலாவது மெஷினில்தான் ஞாபகம் வந்தது.

அதற்குள் ஹாலில் தண்ணீர் ஏறிவிட்டது. செந்தூர்வேல், அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடலாம் என்றார். உன் அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்க வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் எனக்கே அழுகை வந்துவிட்டது. செல்வலட்சுமிதான் எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். “யாரும் தூக்க வேண்டாம்மா. நீங்களே ஏறுவீங்க. படிக்கு முதுகக் காட்டி உக்காந்துகிட்டு, கைய மேல்படியில ஊனி, ஒவ்வொண்ணா பின்னால போங்க. ஆபரேசன் பண்ணுனப்ப எங்க அத்த அப்படித்தான் ஏறுனாங்க.”

செல்வலட்சுமி தோளைப் பிடித்துப் படிவரை நடந்து, அப்படித்தான் ஏறினாள், மாப்பிள்ளை. செல்வலட்சுமி அவள் காலைத் தாங்கிக்கொண்டு கீழே, நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில். ஒவ்வொரு படிக்கும் உன் அக்கா வாய்விட்டு எண்ணினாள். பத்தொன்பது படிக்கு இருபத்தைந்து நிமிடம். மேலே போய்ச் சேர்ந்ததும் நனைந்த சேலையோடு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காபி போட அடுப்பு இருக்கா” என்று கேட்டாள்.

நாலு பேரும் இரண்டு நாள் அந்த அறையில் இருந்தோம். இந்த முறை பதினோரு அங்குலத்தோடு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் வெயிலடித்து, மத்தியானத்துக்குள் வடிந்தும் விட்டது. உன் அக்காவும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டாள். கீழே வந்த செந்தூர்வேல் தாழ்வாரத்தில் சாத்தியிருந்த தட்டியைப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். வீட்டை இன்னும் கொடுக்கிறதாக இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் உள்ளே போய் வீரபாகுவுக்குப் போன் பண்ணினேன். “பதினோரு அங்குலத்தோட நிறுத்திக்கிடுங்க அண்ணாச்சி, பழசக் கிண்டாதீங்க” என்று அவர் மன்றாடினார். உன் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கச் சொன்னவள் அவள். அவளுக்காகவாவது பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஈர மெஷினைத் துடைக்கத் தன் வேட்டியையே கிழித்த மனுசனிடம் எப்படி மறைக்க? ஒரு கரண்டியை எடுத்துப் புது வெள்ளையைச் சுரண்டி, அடியில் இருந்த பழைய கறையைக் காட்டினேன். முந்தின மழையில் இதுவரை நின்றது, இரண்டு அடி ஏழு அங்குலம் என்றேன்.

அவர் மாடிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கீழே வரவில்லை. நானும் உன் அக்காவும் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு செல்வலட்சுமி இறங்கி வந்து, அந்தத் தண்ணீர் மாடிக்கு வந்ததா என்று மட்டும் கேட்டாள். வரவில்லை என்றேன்.

“அப்ப மெஷின மாடியில போட்டுக்கிடுதோம். இந்த ஒரு வருசத்துல பதினேழு வீடு பாத்துட்டோம் சார். எல்லாரும் இங்கன தண்ணியே வராதுன்னுதான் சொல்லுதாங்க. நீங்க ஒருத்தருதான் அளவு சொல்லுதீங்க.”

மார்கழி பிறப்பதற்குள் அக்ரிமெண்ட் எழுதியாயிற்று. பத்திரம் தையில். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு வந்து சேர்ந்த வீரபாகு, கார்த்திகைச் சேற்றுக்குள் வீடு விற்ற ஒரே புரோக்கர் தான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்களுக்கு இனி ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும், படியில்லாத வீடாக, மேட்டில். அது அடுத்த கவலை.

ஆகவே என் தீர்மானமான ஆலோசனை இதுதான்: வீட்டின் குறை எந்த மாதத்தில் நன்றாகத் தெரியுமோ அந்த மாதத்தில் விற்றுவிடு. அதைப் பார்த்த பிறகும் வேண்டும் என்கிறவன்தான் உண்மையில் வாங்குகிறவன். உங்கள் பழைய வீட்டில் கோடையில் ஓட்டுச் சூடு தாங்காது. ஆகையால் சித்திரையில் விற்கவும். தாமதிக்க வேண்டாம்.

பிறக்கப்போகிற வருடம் உன் வீட்டில் நோயில்லாமலும் வழக்கில்லாமலும் நடக்க ஜெபிக்கிறேன். உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வேதமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசியில் உள்ள ஆலோசனையை அடிக்கச் சொல்கிறாள். பேனாவால் அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் பழைய வீட்டைச் சித்திரையிலும் விற்க வேண்டாம், எந்த மாதத்திலும் விற்க வேண்டாம். படியில்லாத வீடு என்று அவள் மனதில் வைத்திருப்பது அதைத்தானாம். மாசி முதல் வாரம் நாங்கள் அங்கே குடி வருகிறோம், செந்தூர்வேல் மூலம் லோடு ஆட்டோவும் பேசியாகிவிட்டது. இது எதுவும் இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. ஆனால் செல்வலட்சுமி அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்தே முடித்துவிட்டாள். போன வாரம் உன் அக்கா போனில் கேட்டதும் அளவெடுத்துச் சொன்னது நீதானாமே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?