குடை மறைத்த ஊமைப்படம்

ஒரு விஷயத்தைத் திறந்து போட்டால் நாலு பேர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மறைத்துப் பாருங்கள், ஊரே கூடிவிடும். இந்தப் பேருண்மையை நான் ஒரு குடையிடம் கற்றுக்கொண்டேன். குடை என் மாமனாருடையது, மானம் என்னுடையது. இரண்டும் ஒரே இரவில் பழுதாகின. (குடையையாவது பிறகு திருத்தக் கொடுத்தார்கள்.)

அந்தக் காலத்தில் நான் இங்கினியாகலை அணைக்கட்டு வேலைத்தளத்தில் ஸ்டோர் கிளாக்கர். அணை கட்ட வந்த அமெரிக்கர்களுக்கு அங்கே ஒரு கிளப் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அதில் படம் போடுவார்கள். எங்களைப் போன்ற ஆட்கள் வெளியே நின்று கம்பிவலைக்கூடாகப் பார்த்துக்கொள்ளலாம். புதுப் படங்களில் அவர்கள் பேசிய இங்கிலீசில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் இடைக்கிடை யாராவது ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து, ஹொலிவூட்டில் பேச்சு வருவதற்கு முந்திய ஊமைப்படம் ஒன்றைப் போடுவார்கள். அப்போது நான் வலையோடு ஒட்டிக்கொள்வேன்.

ஒரு தடித்த மனிதன் ஓடுவான், விழுவான், எழும்பித் தொப்பியைத் தட்டிவிட்டு மறுபடியும் விழுவான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விழுவதற்கு முன்னால் அவன் நம்மை ஒரு பார்வை பார்ப்பான், அதில்தான் எல்லாம் இருக்கிறது. வயிறு நோகச் சிரித்துவிட்டு, ஏனென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்புவேன். உண்மையாகவே நான் அந்தப் படங்களைக் காதலித்தேன். (என் இங்கிலீசின் அளவை யாருக்கும் காட்டிக்கொடுக்காத படங்கள் என்பதும் ஒரு காரணம்தான்.)

இந்தக் காதலோடு போய், சாய்ந்தமருதில் கல்யாணம் செய்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். நானும் நிந்தவூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கினேன். முதல் கிழமையே என் மனைவி சல்மா மெல்லக் கேட்டாள்:

"இஞ்சேருங்க, என்ன ஒருக்காப் படம் பாக்கக் கூட்டிக்கொண்டு போவீங்களா? நான் இன்னும் ஒரு படமும் பாத்ததில்ல."

"இதென்ன பெரிய காரியம்? அடுத்த கிழமையே கல்முனைக்குப் போவம்," என்றேன். வாய்க்கு வரி இல்லைதானே.

மாமாவிடம் கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. என் மாமனார் வயற்காரர். உலகத்தில் உள்ள சகலத்தையும் விதைப்பு, வெட்டு என்ற இரண்டு தட்டுகளில் போட்டு நிறுப்பவர். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை என்னை நிற்க வைத்துவிட்டுச் சொன்னார்:

"மருமகன், எனக்குத் தெரியாத ஒண்டுக்கு என்ட புள்ளய அனுப்ப மாட்டன். முதல்ல இஞ்ச கொண்டாந்து எனக்குக் காட்டுங்க. நல்லதெண்டாக் கூட்டிக்கொண்டு போங்க. கூடாததெண்டா, படம் எண்ட சொல்லே இந்த வீட்டுல வரப்படாது."

வேறு யாராக இருந்தாலும் இதோடு விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. கிளப்பில் படம் ஓட்டும் அன்டனைப் பிடித்து, கெஞ்சி, ஒரு சனிக்கிழமை மெஷினையும் ஜெனரேட்டரையும் நாலு சுருள் ஊமைப்படம் ஒன்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு பால்காரனின் கதை அது. நான் நாலைந்து தரம் பார்த்தது. அதில் ஒரே ஒரு வில்லங்கம் இருந்தது. இரண்டாம் சுருள் முடிகிற இடத்தில், பாலத்தின் மேல், பால்காரன் தான் காதலிக்கும் பெண்ணை முத்தமிடுவான்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்று எனக்கு நேர்மை பிடித்து ஆட்டியது.

"மாமா, படத்துல ஒரே ஒரு இடம் மட்டும் சரியில்ல. அந்த நேரம் மெஷினுக்கு முன்னால குடைய விரிச்சி நான் மறைச்சிருவன்."

மாமா என்னை மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. மூங்கில் பிடி போட்ட தன் கறுப்புக் குடையைத் தானே எடுத்துத் தந்தார். தந்ததோடு நிற்காமல், "மருமகன் ஹறாமான இடத்தக் குடையால மறைப்பாரு," என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார். அதனால் இரவு இஷாத் தொழுகை முடிந்ததும் முற்றம் நிரம்பிவிட்டது. படம் பார்க்க வந்தவர்களைவிடக் குடை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

இரண்டு மருதமுனைச் சீலைகளைச் சேர்த்துத் தைத்து, தண்ணீர் தெளித்து, முற்றத்துக்கும் விறாந்தைக்கும் நடுவில் கட்டினோம். ஈரச் சீலையில் படம் மறுபக்கமும் தெரியும். ஆண்கள் இந்தப் பக்கம் மணலில், பெண்கள் அந்தப் பக்கம் விறாந்தையில். நான் மெஷினுக்குப் பக்கத்தில் குடையும் கையுமாக நின்று, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திக் கதை சொல்ல வேண்டும்.

முதல் சுருள் அருமையாக ஓடியது. பால்காரன் விழுந்தான், முற்றம் அதிர்ந்தது. சீலைக்கு அந்தப் பக்கத்தில் சல்மா சிரிப்பது தனியாகக் கேட்டது. கல்முனை எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அதற்குள் மாமி ஒரு வேலை செய்துவிட்டார். சுருள் மாற்றுகிற இடைவெளியில் அன்டனுக்கு நெய்ச்சோறும் கோழியும் மேலே இரண்டு துண்டு வட்டிலப்பமும் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு விடலாமா? அன்டன் சாப்பிட்டு, கண் சொருகி, இரண்டாம் சுருளுக்குப் பதில் மூன்றாம் சுருளை மாட்டிவிட்டான்.

நான் கவனித்திருக்க வேண்டாமா என்பீர்கள். மாமா விட்டால்தானே!

"மருமகன், இந்தப் பால்வண்டிக் குதிரைக்குத் தவிடு வெக்கிறல்லயா? எலும்பு தெரியிது."

"வெப்பாங்க மாமா."

"பாலுக்குத் தண்ணி கலக்கிறானா?"

"இல்ல மாமா."

"பின்ன எப்பிடி இவ்வளவு பேருக்கும் பால் காணும்?"

இப்படிக் கேள்விக்கு மேல் கேள்வி. எனக்கு இருந்த ஒரே அடையாளம், முத்தத்துக்குச் சற்று முன்னால் அந்தக் குதிரை தலையை ஆட்டும். குதிரை தலையை ஆட்டியது. நான் வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடையை விரித்தேன்.

விரித்த பிறகுதான் சீலையின் ஓரத்தில் மிஞ்சியிருந்த படத்தைக் கண்டேன். பாலத்தைக் காணவில்லை. ஓர் அறை, ஒரு கட்டில், கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஒரு பெண், கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரும் பால்காரன். நோயில் கிடக்கும் தாய்க்கு அவன் மருந்து கொடுக்கும் கட்டம் அது! படத்திலேயே அதைவிடச் சுத்தமான கட்டம் கிடையாது. அவசரமாகக் குடையை மடக்கினேன், மடங்கவில்லை. கம்பி ஒன்று சிக்கிவிட்டது. இழுத்தேன், உலுக்கினேன், முழங்காலில் வைத்து அமுக்கினேன். அது டக்கென்று முறிந்து மடங்கியபோது, பால்காரன் வியர்வையைத் துடைத்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்துகொண்டிருந்தான்.

முற்றத்தில் எல்லாத் தலைகளும் சீலையை விட்டு என் பக்கம் திரும்பின.

"ஆரு மருமகன் அந்தக் கட்டில்ல கிடந்தது?" என்று மாமா கேட்டார்.

நிலைமையைச் சுத்தப்படுத்தும் அவசரத்தில் ஊருக்கே கேட்கக் கத்தினேன்:

"அது அவன்ட உம்மா, மாமா!"

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று நாலு பக்கமும் எழுந்தது. நல்ல வேளை, பக்கத்து வீட்டு மீராசாகிபு காக்கா இளகிய மனம் உள்ளவர். நிதானமாக யோசித்துவிட்டு, "கழுத்த நெரிச்சிக் கொன்னு போட்டானாக்கும்," என்றார். எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். நானும்தான். அல்ஹம்துலில்லாஹ், கொலையோடு நின்றது.

அடுத்து அன்டன் மாட்டியது, விட்டுப்போன இரண்டாம் சுருள். அதில் பால்காரன் ஒரு சந்தையில் அந்தப் பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தான்.

"உம்மாட மையத்து வீட்டுல கிடக்குது, இவன் ஆடுறான்!" மீராசாகிபு காக்கா துள்ளி எழுந்தார்.

"இல்ல காக்கா, இது முந்தி நடந்தது. சுருள் மாறிப் போச்சு."

"முந்தி நடந்தது எப்பிடிப் பிந்தி வரும்?" என்று மாமா குறுக்கிட்டார். "விதைக்க முந்தி வெட்டுறதா மருமகன்?"

நான் அன்டனைப் பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டான். "ஊமைப் படம்தானே ஐயா, எந்தப் பக்கத்தால பாத்தா என்ன?" என்றான். அவனுக்கு விடை சொல்ல வாயைத் திறந்தபோதுதான் முற்றம் சட்டென்று அடங்கிப்போனதை உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் மேல், சீலையை நிறைத்துக்கொண்டு, அந்த முத்தம் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. முறிந்த குடை என் காலடியில் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. (சல்மாதான். இன்றுவரை மறுக்கிறாள்.)

மாமா எழுந்து நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயங்கரம். கணக்குப் பார்க்கிற முகத்தோடு கேட்டார்:

"இதத் திறந்து விட்டுப்போட்டு, குடையால மறைச்சீங்களே, அது இதவிட எவ்வளவு பெரிய ஹறாமா இருக்கணும்?"

மருந்து கொடுத்தான் என்றேன். மருந்து கொடுப்பதைக் குடை பிடித்து மறைப்பார்களா என்றார். நியாயமான கேள்வி. நாலாம் சுருளில் தாய் பிழைத்து எழும்புவாள், பாருங்கள் என்று கெஞ்சினேன். "காணும்" என்று ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

காலைச் சாப்பாட்டில் மாமியின் விசாரணை தனி.

"மகன், கொலையக்கூடப் பொறுத்துக்கலாம். படத்துல எல்லாரும் இடக்கையால தின்றாங்களே, அத எப்பிடிப் பொறுக்குறது?"

சீலைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும் என்று ஒரு பராட்டா ஆறும்வரை விளக்கினேன். "ஓம் மகன், ஓம்," என்றார், பொய் சொல்லும் பிள்ளையின் தலையைத் தடவுகிற குரலில். சல்மா என் பாத்திரத்தில் கறியை ஊற்றிவிட்டு, கல்முனை ரோட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மாமாவின் கேள்வி எனக்குச் சுடவில்லை. அந்தப் பார்வை சுட்டது.

படம் என்ற சொல் வீட்டில் செத்துப்போனது. ஆனால் அந்த உம்மா சாகவில்லை. வயலிலும் பள்ளிவாசலிலும் கடற்கரையில் தோணி இழுக்கிற இடத்திலும், குடைக்குள் என்ன நடந்தது என்று ஆட்கள் என்னை மறித்துக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மை பேசியதும் இல்லை, அவ்வளவு பெரிய பொய்யன் என்று பெயர் எடுத்ததும் இல்லை.

அந்த மாரியில் மாமாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கொட்டுகிற மழையில் போய் அப்போதிக்கரியிடம் மருந்து வாங்கி வந்து, நனைந்தபடியே அவர் அறைக்குள் நுழைந்து, சாரல் அடிக்கிறதே என்று கதவைச் சாத்தினேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த மாமா மெல்லத் தலையைத் திருப்பினார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த குடையைப் பார்த்தார்.

"குடைய வெளிய வெச்சிட்டு வாங்க, மருமகன்."

வைத்துவிட்டு வந்தேன். அவர் தலையைத் தூக்கிப் பிடித்து மருந்தைப் பருக்கினேன். கசப்பில் முகம் சுளித்தவர், வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அவனும் இப்பிடித்தான் குடுத்தானா?"

"ஓம் மாமா. இப்பிடித்தான்."

"அந்த மனிசி பிழைச்சாவா?"

"பிழைச்சா மாமா. கடைசிச் சுருள்ல மகன்ட கலியாணத்துல முன்னுக்கு இரிக்கிறா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் விட்டு எழும்பி, முதல் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "சல்மாவக் கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போங்க."

போனோம். படமாளிகையில் அவள் கண் இமைக்காமல் இருந்தாள். எப்படி இருந்தது என்று திரும்பும் வழியில் கேட்டேன். என் ஹொலிவூட் காதலுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்ற நப்பாசைதான்.

"எல்லாரும் வலக்கையாலதான் தின்றாங்க," என்றாள் பூரித்துப்போய். "உம்மாக்குச் சொல்லணும்."

இப்போது நான்தான் கட்டிலில் கிடக்கிறேன். காலையும் மாலையும் சல்மா மருந்துக் குளிசை கொண்டுவருகிறாள். கதவைச் சாத்தினால் போதும், வெளியே பேரப்பிள்ளைகள் கூச்சல் போடத் தொடங்கிவிடுகிறார்கள்:

"உம்மம்மா, குடைய வெளிய வெச்சீங்களா?"

வெயில் எரிக்கிற நாளிலும் கேட்கிறார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் எழும்பிப் போய், கதவைத் திறந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வருகிறாள். அதுவரைக்கும் என் வாயில் குளிசை கசந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் எனக்கு எட்டாத மேசையில் இருக்கிறது.