லக்கி ஸ்டார் நின்ற நாள்

பஸ் கிளம்பியது. சாவடியில் குறுக்கே கிடந்த மூங்கில் மேலே போனது. வெங்கடப்பனின் குதிரையும் போனது.

"டேய், வண்டிய நிறுத்து" என்று கான்ஸ்டபிள் எல்லப்பன் கத்தியது புழுதிக்குத்தான் கேட்டது. வெங்கடப்பன் கடிவாள வாரைப் பிடித்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தான். ஒரு ஜட்காக்காரன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தபடி ஓசூர் சாலையில் பறந்ததை அன்றைக்குப் பலர் பார்த்தார்கள். வண்டியின் நிழல் பின்தங்கிவிட்டது. புளியமரத்தடியில் குதிரை தானாக நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் நிழல் வந்து சேர்ந்துகொண்டது.

வண்டியில் இருந்த ஒரே சவாரி பூக்கார மங்கம்மா. புடவையைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

"பயந்துட்டியாக்கா?"

"என்னாத்துக்குப் பயம்? குதிரைன்னா ஓடும். மாடா அது, அசை போட்டுக்கினு நிக்க?"

செவ்வந்திக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தாள். எல்லப்பன் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு குதிரையும், அழும் நிலையில் ஓர் ஆளும் மட்டும் இருந்தார்கள். எல்லப்பன் காலி வண்டியைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, வைதுவிட்டுப் போனார்.

மதராஸ் ராஜ்யமும் மைசூர் ராஜ்யமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது அந்தச் சாவடி. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், அதன் ஒரு முனையில் கல், மறுமுனையில் கயிறு. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூரில், சாராயக் கடை உண்டு. இந்தப் பக்கம் சாராயம் வைத்திருந்தால் ஜெயில் உண்டு. அதனால் வருகிற வண்டி ஒவ்வொன்றும் நிற்கவேண்டும். மூட்டையோ கூடையோ, எல்லாவற்றிலும் கூர்க்கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். பிறகு மூங்கில் எழும். முன்னால் நிற்கும் பஸ்ஸுக்காக மூங்கில் எழுந்தாலும், தனக்குத்தான் எழுந்தது என்று வெங்கடப்பனின் குதிரை லக்கி ஸ்டார் எடுத்துக்கொள்ளும். அதுதான் தகராறு.

லக்கி ஸ்டார் என்பது பெங்களூர் ரேஸில் ஓடிய காலத்துப் பெயர். மத்திகிரியில் வெங்கடப்பனின் மனைவி சரசம்மா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். அதை அச்சில் போடுவதற்கில்லை. வந்த வாரத்திலேயே அது மாட்டுக்கொட்டகைச் சுவரை உதைத்து ஜன்னல் இல்லாத இடத்தில் ஜன்னல் வைத்தது. லாடம் அடிக்க வந்தவரின் தோளைக் கடித்தது. அவர் அதன் பிறகு ராயக்கோட்டைக்கே குடிபோய்விட்டார் என்று சொல்கிறார்கள். இரண்டு முறை மூங்கிலைத் தாண்டி ஓடியதுமே சவாரிகள் எல்லாம் கழன்றுகொண்டன. மங்கம்மா மட்டும் மாறவில்லை. சந்தை நாள் தவறாமல் எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் போய்ப் பூ வாங்கி, இந்த ஜட்காவில்தான் திரும்புவாள்.

"ஊரே என்னை வுட்டுட்டுப் போயிருச்சி, நீ ஒருத்திதான்க்கா" என்று ஒருநாள் வெங்கடப்பன் கண்கலங்கினான்.

"அழுவாத. வயித்துல பசி, அதான் வெறி. நல்லா தீனி வெய்யி." அவளே தன் வீட்டிலிருந்து ஒரு மூட்டை கொள்ளு அனுப்பி வைத்தாள். வேகவைத்து, வெல்லம் சேர்த்து, குதிரைக்கு ஊட்டாத குறையாக வெங்கடப்பன் போட்டான்.

அடுத்த சந்தை நாள் குதிரை புளியமரத்தடியில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த ஊரில் நின்றது.

"கண்ணுக்குப் பட்டை கட்டிப் பாருப்பா. அக்கம்பக்கம் பாத்து மெரளுதோ என்னவோ" என்றாள் மங்கம்மா.

கட்டினான். அக்கம்பக்கம் தெரியாமல் போனதும் குதிரைக்கு மூங்கிலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாமல் போயிற்று. அந்த முறை பஸ்ஸையே முந்தியது. டிரைவர் மரியாதையாக ஒதுங்கிக் கொடுத்தார்.

"பஸ்ஸு பின்னாடி போறதாலதான் வம்போ என்னவோ. தனியா போய்ப் பாப்போமாக்கா?"

"வேணாம்ப்பா. பஸ்ஸு முன்னாடி போனா ஆடு மாடு ஒதுங்கிக்கும். இல்லன்னா எதையாவது மிதிச்சித் தொலைக்கும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மத்திகிரியில் குதிரை வைத்தியம் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் குதிரைக்குப் புல் வெட்டியவரின் பேரன் என்று வீட்டுக்கு ஒருவர் இருந்தார். அவர்கள் கூடிப் பேசி, பாரம் ஏற்றினால் வேகம் அடங்கும் என்றார்கள். வண்டி நிறையக் கருங்கல் ஏற்றினான். வேகம் அடங்கவில்லை. கற்கள்தான் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டன. ஒன்று சாவடியின் தண்ணீர்ப் பானைக்குள் இறங்கியது.

எல்லப்பன் தன் பங்குக்குச் சிவப்புக் கொடியோடு நடுரோட்டில் நின்று பார்த்தார். கொடி அசைவதைக் கண்டதும் குதிரை காதுகளை மடித்துக்கொண்டது. எல்லப்பனைச் சாக்கடையிலிருந்தும், அவருடைய தலைப்பாகையைக் குதிரையின் வாயிலிருந்தும் எடுத்தார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மத்திகிரிக்கே வந்தார். சத்தம் போடவில்லை. வெங்கடப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"வர்ற சந்தைக்கு நானே சாவடியில நிப்பேன். உன் வண்டி நின்னா சரி. நிக்காம ஓடுச்சுன்னா லைசென்ஸ் கிழிஞ்சுது. குதிரைய அங்கயே சுட்டுருவேன். மனுஷனைக் கொல்றதுக்கு முன்னாடி அதைக் கொல்றது என் பொறுப்பு."

அவர் போன பிறகு வெங்கடப்பன் குதிரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். குதிரை அவன் துண்டைத் தின்றது. தின்னட்டும் என்று விட்டுவிட்டான். இந்த வண்டியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. தவிர, சுவரை உதைத்தாலும் ஆளைக் கடித்தாலும், அவன் தும்மினால் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான்.

அப்போது சரசம்மா புடவை துவைத்துக் கொடியில் போட்டாள். நுனி தரையில் படவே, கவைக்கோலை முட்டுக்கொடுத்துக் கொடியை உயர்த்தினாள். கயிறு குதிரையின் மூக்குக்கு நேரே மேலே போனது.

முளை பிடுங்கிக்கொண்டது. குதிரை ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. கழுத்தில் சரசம்மாவின் புடவை கிடந்தது.

"இந்தக் கட்டையில போறது..." என்று சரசம்மா தொடங்கினாள்.

"ஏ, சும்மா இரு. கொடிய எறக்கு. மறுபடி தூக்கு."

"என்ன, அதோட சேந்து உனக்கும் புத்தி போயிருச்சா?"

"தூக்கு சொல்றன்."

தூக்கினாள். குதிரை இன்னொரு சுற்றுப் போய்வந்தது.

வெங்கடப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரேஸ் மைதானத்தில் குதிரைகளுக்கு முன்னால் ஒரு நாடா கட்டியிருப்பார்கள். அது மேலே போனால் ஓடவேண்டும். வாழ்நாள் பூராவும் அது கற்ற பாடம் அந்த ஒன்றுதான்.

அன்றே சாவடிக்கு நடந்துபோய் எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சாமி, என் வண்டி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே மூங்கிலத் தூக்கிக் கட்டிருங்க. நான் போறவரைக்கும் எறக்க வேணாம், ஏத்த வேணாம். வர்ற வண்டிங்களக் கையக் காட்டி நிறுத்துங்க."

"நின்னுருமா?"

"நிக்கலன்னா என்னையும் சேத்துச் சுட்டுருங்க."

வீட்டுக்கு வந்து கண்பட்டையைக் கழற்றினான். கொள்ளை நிறுத்தி வெறும் வைக்கோல் போட்டான். மங்கம்மாவிடம் மூச்சு விடவில்லை. இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூட வந்தவள். அவள் கண்ணால் பார்த்து மகிழட்டும்.

சந்தை நாள் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஜட்கா போனது. மங்கம்மா வழக்கம்போல் கூடையை மடியோடு அணைத்து, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வளைவு திரும்பியதும் சாவடி தெரிந்தது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு நின்றார். மூங்கில் ஏற்கெனவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூங்கில் என்னாத்துக்குத் தூக்கி வெச்சிருக்குது?" என்றாள் மங்கம்மா.

"பேசாம வேடிக்கையப் பாருக்கா."

"வண்டிய நிறுத்து. நான் எறங்கி நடந்துக்கறன்."

"இன்னிக்கு நீ எறங்கவே கூடாது. இந்தக் குதிரை உசுரோட இருக்கறதே உன்னாலதான்."

"வெங்கடப்பா, எனக்குத் தலை சுத்துது."

"எனக்குந்தான் சுத்துது. கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க."

பஸ் சோதனை முடிந்து போனது. மூங்கில் அசையவில்லை. குதிரையின் காது ஒன்று முன்னால் போனது, ஒன்று பின்னால் போனது. வெங்கடப்பனின் உள்ளங்கையில் வார் வழுக்கியது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார்.

வெங்கடப்பன் வாரை மெல்ல இழுத்தான்.

லக்கி ஸ்டார் நின்றது. ஒரு கொட்டாவியும் விட்டது.

எல்லப்பன் தன்னை மறந்து கைதட்டினார். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை இறக்கிவிட்டு, "பரவாயில்லையே" என்றார். வெங்கடப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினான். மங்கம்மாவின் முகம் மகிழ்ந்தாற்போலத் தெரியவில்லை.

"கூடைய எறக்கும்மா" என்று எல்லப்பன் வழக்கப்படி கம்பியை எடுத்தார்.

கம்பி செவ்வந்திக்குள் இறங்கியது. 'புஸ்' என்று காற்றோடு ஏதோ பீய்ச்சியது. பூக்களுக்கு நடுவே ஒரு லாரி டியூப் மெதுவாக இளைத்தது. அந்த வாசனை செவ்வந்தியுடையது அல்ல. குதிரைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எல்லப்பன் கையைப் பிடித்து இறக்கியபோது மங்கம்மா வெங்கடப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடட்டும்னுதானேடா மூட்ட கொள்ளு குடுத்தேன், இப்பிடி வந்து நிக்கட்டும்னா குடுத்தேன்?"