நடுவில் யார் நிற்பது?

“அம்மா, அப்பா மட்டும் நடுவுல வாங்க” என்றான் போட்டோக்காரன்.

நாலு பேர் வந்தார்கள்.

சோபாவில் மிச்சம் இருந்தது ஒரு சிறுமியும் ஒரு வயதான அம்மாளும்தான். ஓரமாக ஒரு மீசைக்காரர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க அம்மா, இது எங்க அப்பா. ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க” என்று சிறுமி விளக்கினாள். “இது அம்மாவோட இப்போதைய வீட்டுக்காரர். இது அப்பாவோட இப்போதைய வீட்டுக்காரம்மா.”

“பிரிஞ்சவங்க எப்படிப் பாப்பா ஒரே வீட்ல?”

“வீட்டைப் பாதியாப் பிரிக்க முடியல. என்னையும் முடியல.”

போட்டோக்காரன் கேமராவைக் கீழே இறக்கினான். போன வாரம்தான் ஒருத்தரின் பெண்டாட்டியை மகள் என்று நினைத்து, “அப்பா பக்கத்துல நில்லும்மா” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு புகார் வந்தால் கடைப் பக்கம் தலைகாட்டாதே என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால், கடைக்குப் பின்னால் அவன் தனியாகப் படுத்துக்கிடக்கும் அறையும் போய்விடும்.

“சரி, ஜோடி ஜோடியா நில்லுங்க.”

நின்றார்கள். வயதான அம்மாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். “அப்ப ஜோடி இல்லாதவ எந்திரிச்சுப் போயிடணுமா?”

“அய்யய்யோ! நீங்கதாம்மா முக்கியம். நடுவுல உட்காருங்க. உங்க பையன் பின்னாடி வந்து நிக்கட்டும்.”

யாரும் அசையவில்லை. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவின் வீட்டுக்காரம்மா அவன் காதருகே வந்தாள். “இவங்க என்னோட பழைய மாமியாருங்க. பையன் வேணாம், மருமகதான் வேணும்னு என்கூடவே வந்துட்டாங்க. அந்தாள் பேச்சை ஏன் எடுத்தீங்க?”

இனி உறவு என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தான். “எல்லாரும் உயரப்படி வரிசையா நில்லுங்க!”

பிரிந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“இன்னும் கூன் போட்டுத்தான் நிக்கிறீங்களா?” என்றாள் அம்மா.

“நீ இன்னும் அதைக் கவனிக்கிறியா?” என்றார் அப்பா.

அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்துவிட்டது. இப்போதைய கணவருக்கும் இப்போதைய மனைவிக்கும் முகம் சுருங்கியது. இதற்கெல்லாம் யார் காரணம் என்று தேடிவிட்டு, நாலு பேரும் ஒற்றுமையாகப் போட்டோக்காரனைப் பார்த்தார்கள்.

“உங்க முதலாளி நம்பரைக் குடுங்க” என்றாள் அம்மா.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மீசைக்காரர் கடைசித் துண்டை மடித்து வைத்தார். “எல்லாரும் வழக்கமா டிவி பார்க்கிற மாதிரி உட்காருங்கப்பா.”

சோபா நிமிடத்தில் நிறைந்தது. மாமியார் மருமகளின் தோளில் சாய்ந்தாள். சிறுமி இரண்டு அப்பாக்களின் மடியிலும் நீட்டிப் படுத்தாள். அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். மீசைக்காரர் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு நல்ல படத்தை அவன் எடுத்ததே இல்லை.

“தம்பி சாப்பிட்டுத்தான் போகணும்” என்றாள் மாமியார். நம்பர் கேட்ட அம்மாவே பரிமாறினாள். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடி, அவன் பக்கத்து இலைக்காரரான மீசைக்காரரிடம் குனிந்தான்.

“என் வேலையைக் காப்பாத்திட்டீங்க சார். ஆமா, நீங்க இவங்களுக்கு என்ன உறவு?”

“நானா தம்பி?” என்றார் மீசைக்காரர். “போன தடவை இவங்களைப் போட்டோ எடுக்க வந்தவன்.”