ஒருமனதாகப் பிறந்த குழந்தை

நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் கூட்டம். வட்டமாகப் போட்டால் ஜனநாயகம். மனித குலம் இத்தனை காலம் உணராமல் கிடந்த இந்தப் பேருண்மையை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர் செம்மல். 'பங்கேற்புச் செம்மல்' என்பது முழுப் பட்டம். அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டது. அதில் மட்டும் வேறு யாரும் பங்கேற்கவில்லை.

நகராட்சி ஆணையர் அவரை அழைத்த காரணம் உன்னதமானது. அந்தப் பேட்டையில் இருந்த ஒரே பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு, கார் நிறுத்த அடுக்குமாடி கட்டுவதென்று முடிவாகிவிட்டது. மக்கள் கருத்தைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

"மக்கள் வேண்டாம்னு சொன்னா?" என்று செம்மல் விசாரித்தார்.

"சொல்லாம இருக்கத்தானே சார் உங்களைக் கூப்பிட்டிருக்கேன்!"

செம்மலுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது அந்தப் பேட்டையில்தான், அதுவும் நிறைமாதம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவர் நடுநிலையாளர். உறுத்தலுக்கும் உரிய மரியாதை கொடுத்து, ஓரமாக உட்காரவைத்தார்.

ஆஸ்பத்திரியின் முன்கூடத்திலேயே கூட்டம் நடந்தது. கர்ப்பிணிகள், கணவன்மார், மாமியார்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கற்றை மஞ்சள் ஒட்டுச்சீட்டு.

"மனசுல பட்டதை எழுதுங்க. தப்பான கருத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!"

எழுதினார்கள். சுவர் முழுக்க ஒரே வாசகம்: 'ஆஸ்பத்திரி வேணும்.' ஒரு மாமியார், கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, மருமகள் எழுதியதையே தானும் எழுதியிருந்தார்.

செம்மல் அசரவில்லை. சீட்டுகளைத் 'தொகுத்தார்'. 'வேணும்' என்பதெல்லாம் 'எதிர்பார்ப்பு' ஆயிற்று. எதிர்பார்ப்பு 'வளர்ச்சி'யில் அடங்கிற்று. வளர்ச்சிக்குப் பக்கத்தில் கார் நிறுத்தத்தின் வண்ணப்படம் காலையிலேயே மாட்டப்பட்டிருந்தது.

"ஆஸ்பத்திரி எங்கங்க போச்சு?" என்றார் ஒரு தச்சர்.

"உள்ளடங்கி இருக்கு."

"எதுக்குள்ள?"

"உணர்வுக்குள்ள."

அப்போது வட்டத்தில் உட்கார்ந்திருந்த செம்மலின் தங்கை நாற்காலியை இறுகப் பிடித்தாள். "அண்ணே, வலிக்குது."

"அருமையான பகிர்வு! எல்லாரும் கவனிங்க, இந்தப் பேட்டையோட வலியை..."

"பேட்டைக்கு இல்லண்ணே, எனக்கு! இடுப்பு வலி!"

"சீட்டுல எழுதும்மா. ஒரு சீட்டுக்கு ஒரு வலி."

கற்றை அவர் மூக்கில் வந்து விழுந்தது. பெரிய நர்ஸ் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"வட்டத்தை உடைக்காதீங்க சிஸ்டர்!"

"வட்டம் கிடக்கட்டும். பனிக்குடம் உடைஞ்சிருச்சு, நகருங்க!"

பிரசவ அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தங்கை அலறினாள். செம்மல் கதவருகே ஓடினார். கதவைத் திறந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழுத்துல கொடி சுத்தியிருக்கு. இங்க ஆஸ்பத்திரி இருக்கப்போய் ஆச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா பாதி வழியிலேயே..." நர்ஸ் முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

செம்மல் அழுதார். நடுநிலை பாராமல் அழுதார். எதிர்ச்சுவரில் இருந்த 'ஆஸ்பத்திரி வேணும்' ஒவ்வொன்றும் அப்போதுதான் அவருக்குப் படிக்கத் தெரிந்தது.

திடீரென்று உள்ளே வீறிடல். பெண் குழந்தை, தாயும் நலம். முன்கூடமே எழுந்து நின்று கைதட்டியது. சரியாக அந்த நேரத்தில் ஆணையர் வாசலில் வந்து இறங்கினார்.

"அடடே, இவ்வளவு கரகோஷமா! ஒருமனதா முடிஞ்சிருச்சா?"

செம்மல் வாயைத் திறந்தார். 'இல்லை' என்பது சின்னச் சொல்தான். ஆனால் அடுத்து, பள்ளிக்கூடம் ஒன்றை மூடுவதற்கும் ஆணையர் இவரைத்தான் மனதில் வைத்திருந்தார்.

"ஆமா சார்," என்றார் செம்மல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மக்கள் ரொம்ப நெகிழ்ந்துபோயிட்டாங்க."

ஆஸ்பத்திரி தரைமட்டமானபின், ஒருநாள் தங்கை குழந்தையைப் பார்க்க வெள்ளிக் கிலுகிலுப்பையோடு போனார். தங்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"நான் எப்படிம்மா சொல்றது? நான் வெறும் வழிநடத்துநர். முடிவெடுத்தது நீங்க."

"நானா? உயிர் போற வலியில உள்ள கிடந்து கத்திக்கிட்டிருந்தேனே, அதுகூடவா உன் காதுல விழல?"

"விழாம என்ன!" செம்மல் உண்மையாகவே புண்பட்டுப்போனார். "அறிக்கையில சேர்த்திருக்கேனே: 'பெண்களின் குரல் ஓங்கி ஒலித்தது.'"