முஜினா முஜினாவின் கண்கள்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட பெரிய முன்னேற்றம், ஜாவாவில் வாட்டுசாரி அரசுக் கண் மருத்துவமனை தன் வரவேற்பு மேசையைத் தூக்கி வெளியே போட்டதுதான். இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் மருத்துவமனையின் செயலியில் 'கருத்து' என்ற பொத்தானைத் தொடலாம். அது இன்னும் வேலை செய்யவில்லை.

மேசை போன இடத்தில் டானாங் நின்றான். முன்பு அவன் வெறும் எழுத்தர். பெயரைக் கேட்டு நோட்டில் எழுதுவான். இப்போது 'எண்ம வழிகாட்டல் அலுவலர்'. எதையும் எழுதுவதில்லை. போனில் செயலியை இறக்கிக்கொள்ளச் சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டக் குறியீட்டைச் சுட்டிக்காட்டுகிறான். பொறுப்பு கூடியிருப்பது அவன் நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முஜினா அவன் முன் வந்து நின்றாள். சரியாகச் சொன்னால், அவனுக்குப் பக்கத்திலிருந்த தூணின் முன் வந்து நின்றாள். மகன் வயதுதான் என்றாலும், அண்ணன் என்ற மரியாதையோடு 'மாஸ்' என்றே அழைத்தாள்; அவனுக்கு அவள் 'இபு', அதாவது அம்மா.

"மாஸ், இலவசக் கண் ஆபரேஷனுக்குப் பேர் குடுக்க வந்தேன்."

"இந்தப் பக்கம், இபு. பேரெல்லாம் இங்க வாங்கறதில்ல. ஆப்ல போடுங்க."

"எனக்குக் கண்ணு தெரியலியே."

"கண்ணு தெரியாதவங்க வசதிக்காகத்தான் இந்த ஆப்பே."

"யாரையாச்சும் விட்டு டைப் அடிச்சுக்கலாமா?"

"கூடவே கூடாது. நீங்களே உங்க கையால போடணும். அடுத்தவங்க போட்டா முறைகேடு. போன் கேமரா பாத்துக்கிட்டே இருக்கும்."

மக்கள் மேல் நிர்வாகத்துக்கு அவ்வளவு அக்கறை.

முஜினா சந்தையில் லோத்தெக் விற்பவள். வேகவைத்த கீரையையும் காயையும், கேட்பவர் முன்னாலேயே கல்லில் அரைத்த கடலைச் சாந்தில் பிரட்டித் தருவாள். இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் காராமணிக் கட்டை நறுக்கும்போது அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தையும் சேர்த்து நறுக்கிவிட்டாள். அதை மென்றவர் சந்தை நிர்வாகியின் மச்சான். இன்னொரு புகார் வந்தால் அவள் இடத்தைப் பழச்சாறு விற்பவனுக்குக் கொடுத்துவிடுவதாக நிர்வாகி சொல்லியிருந்தார். இலவச சிகிச்சைக்கு இருபது இடங்கள். பதிவு சனிக்கிழமை நண்பகலோடு முடிகிறது.

வீட்டில் அவள் கணவன் பர்மின் போனைச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தான். கேமராவில் விழாதபடி பக்கவாட்டில் குந்திக்கொண்டு, தெரிந்ததைப் படித்துச் சொன்னான். அவள் போனை மூக்கில் ஒட்டிவைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டாள்.

முதல் பக்கத்திலேயே ஒரு தடை. 'குடும்பப் பெயர்: கட்டாயம்.'

முஜினாவுக்கு இருப்பது ஒரே பெயர். பர்மினுக்கும் ஒன்றுதான். இருவரின் அப்பன்களுக்கும் ஒன்றுதான். ஜாவாக்காரர்கள் இந்தக் குறையை இத்தனை நூற்றாண்டுகளாகச் சரிசெய்யாமல் விட்டது வருந்தத்தக்கது. செயலி ஒன்று வரப்போகிறது என்று அவர்கள் முன்னோர் யோசித்திருக்க வேண்டும்.

"உங்க பேரப் போடட்டுமா, பாக்?" என்று கணவனை மரியாதையாக அழைத்துக் கேட்டாள்.

"போட்டு? அவங்க தப்பா என் கண்ண அறுத்துட்டா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"எல்லாரும் பண்றதத்தான். ஒரே பேர ரெண்டு தடவ போடு."

போட்டாள். 'வருக, முஜினா முஜினா!' என்று செயலி வரவேற்றது. பிறகு அடையாள அட்டையைச் சரிபார்த்துக் கவலையில் ஆழ்ந்தது. 'ஒரே அட்டையில் இருவர். சிகிச்சை பெறுபவரைத் தேர்ந்தெடுக்கவும்: 1. முஜினா. 2. முஜினா.'

பர்மின் தாடையைத் தடவினான். "மொத ஆளையே எடு. ரெண்டாவது முஜினா எப்படிப்பட்டவளோ."

"மொத ஆளோட முப்பத்திரண்டு வருஷம் இருந்தீங்களே, அவ மட்டும் எப்படியாம்?"

"அது பழகிடுச்சு."

நான்காம் பக்கத்தில் மைக்கும் விழித்துக்கொண்டது. இரண்டாவது குரல் கேட்டால் பக்கம் அழிந்து மறுபடி தொடங்கியது. ஐந்தாம் பக்கம், முஜினா இயந்திரம் அல்ல என்று நிரூபிக்கக் கேட்டது: 'படகு உள்ள படங்களை மட்டும் தொடவும்.' ஒன்பது படங்களிலும் அவளுக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது. ஒன்பதையும் தொட்டாள். தவறு. ஒன்றையும் தொடாமல் விட்டாள். அதுவும் தவறு.

பேச்சுக்குத்தானே தடை? பர்மின் இருமினான். மூன்றாவது படத்துக்கு மூன்று இருமல். ஏழாவதற்கு ஏழு. செயலி இதையும் கவனித்தது. 'இருமல் ஒலி கேட்கிறது. காசநோய்ப் பிரிவுக்கு மாற்றவா?' என்று பரிவோடு கேட்டது.

மூன்று நாள் இருமி, வெள்ளிக்கிழமை இரவு பர்மினுக்கு உண்மையாகவே தொண்டை கட்டிக்கொண்டது. சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பதினான்காம் பக்கம் வந்தது. 'எங்கள் சேவைக்கு நட்சத்திரம் தருக.' ஐந்துக்குக் குறைவாகத் தொட்டால் பக்கம் நகரவில்லை. முஜினா மனமுவந்து ஐந்தும் தந்தாள். பதிவு முடிந்தது.

திங்கட்கிழமை டானாங் அவளை எதிர்கொண்டு வரவேற்றான்.

"நல்ல சேதி, இபு! கேளுங்க: 'பதினான்கு பக்கங்களையும் பிறர் உதவியின்றி, பிழையின்றி நிரப்பியதால், தங்கள் பார்வை மிகச் சிறப்பாக இருப்பது உறுதியாகிறது. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வாழ்த்துகள்.'"

முஜினா குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அந்த இருபது இடமும் யாருக்குப் போச்சு, மாஸ்?"

"யாருக்கும் இல்ல. மத்தவங்க யாரும் ரெண்டாம் பக்கத்தக்கூடத் தாண்டல. ஒரு ஆபரேஷன்கூடப் பண்ணாம வாட்டுசாரியில கண்புரைய ஒழிச்சாச்சு. காத்திருப்போர் பட்டியல் சுத்தமா காலி. மேலிடத்துல விருது குடுக்கறாங்க."

"டாக்டர்?"

"உள்ளதான் இருக்கார். போன்ல பந்து உருட்டிட்டு இருக்கார். பதிவு இல்லாம பாக்க முடியாது." அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கே என்னவோ போலிருந்தது. "வேணும்னா இந்தக் கடிதத்த அச்செடுத்து முத்திரை போட்டுத் தரட்டுமா?"

"குடுங்க," என்றாள் முஜினா. "பெரிய எழுத்துல."

புதன்கிழமை சந்தை நிர்வாகி புதுப் புகாரோடும் பழச்சாறுக்காரனோடும் வந்தார். கடையில் தொங்கிய தாளை வாசித்தார். மிகச் சிறப்பான பார்வை. அரசு முத்திரை. அதற்கு மேல் பேச அவருக்கு அதிகாரமில்லை. பழச்சாறுக்காரனை அழைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மதியம் டானாங் பசியோடு வந்து உட்கார்ந்தான்.

"எத்தன மிளகா, மாஸ்?"

"ரெண்டு போதும், இபு."

முஜினா தட்டைத் துழாவி, கைக்கு வந்ததைக் கல்லில் போட்டு அரைத்தாள். மூன்றாவது வாயில் டானாங்குக்குக் காது அடைத்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"எத்தன போட்டீங்க!"

"ரெண்டு."

"பத்துக்கு மேல இருக்கு, இபு!"

"எனக்குக் கண்ணு பிரமாதமாத் தெரியுதுனு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? ரெண்டு உங்களுக்குப் பத்தாத் தெரிஞ்சா, கோளாறு உங்க கண்ணுல."

அவன் இமைகளைத் தேய்த்தான். மிளகாய்க் கை. எரிச்சல் இரண்டு மடங்கானது. பலகை மேல் இரு கைகளாலும் தடவினான்.

"தண்ணி எங்க? ஒண்ணுமே தெரியலியே, இபு!"

"பதறாதீங்க, மாஸ்," என்றாள் முஜினா. "பதினாலே பக்கந்தான்."